கிராப் ஸ்டிக்கில் என்ன சத்து இருக்கிறது?

வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை, விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஸ்டீம்போட் (மேசையில் கொதிக்கும் சூப்பிலேயே வேகவைத்துச் சாப்பிடுவது) சாப்பிடும் தமிழர்களுக்கு இது பழகிய பொருள். சென்னையில் சூஷி என்ற ஜப்பானியச் சோற்று உணவுக் கடைக்குப் போகிறவர்களுக்கும், பெரிய சூப்பர் மார்க்கெட்டின் ஃப்ரீசரை எட்டிப் பார்ப்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். கிராப் ஸ்டிக் என்கிறோம். போலி நண்டு என்றும் சொல்வதுண்டு.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒருவர் 'நண்டுதான், ஓட்டை உரித்துத் தருகிறார்கள்' என்பார். இன்னொருவர் 'எல்லாம் பிளாஸ்டிக், கெமிக்கல்' என்று ஏதோ ஒரு தொழிற்சாலை வீடியோவைக் காட்டுவார். மூன்றாமவர் 'கடல் உணவு, கொழுப்பே கிடையாது, டயட்டுக்கு நல்லது' என்பார். மூன்றுமே சரியில்லை. இவற்றில் எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவதுதான். அதில் பாதி உண்மை இருப்பதால் எளிதில் நம்பிவிடுகிறோம். சர்க்கரை நோய் உள்ளவரும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவரும் 'புரதம்தானே' என்று ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொள்கிறார்கள்.

அதனால் இதற்குள் என்ன இருக்கிறது, அது எப்படி உள்ளே வந்தது என்று முதலிலிருந்து பார்ப்போம். வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், இது மீன்

கிராப் ஸ்டிக்கின் அடிப்படை மீன் சதை. உலக அளவில் இதற்கு அதிகம் பயன்படுவது வட பசிபிக் கடலில் பிடிபடும் அலாஸ்கா பொல்லாக் என்ற வெள்ளைச் சதை மீன். வெப்பக் கடல் நாடுகளில், இந்தியாவின் மேற்குக் கரை உட்பட, சங்கரா இனத்து மீன்களையும் பயன்படுத்துகிறார்கள். முள், தோல் நீக்கி, அரைத்து, தண்ணீரில் பலமுறை கழுவிப் பிழிந்தெடுத்த மீன் விழுதுக்குச் சுரிமி என்று பெயர். ஜப்பானிலிருந்து வந்த சொல், வந்த முறை. இந்தச் சுரிமியோடு தண்ணீர், ஸ்டார்ச் மாவு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, உப்பு, கொஞ்சம் எண்ணெய், நண்டு வாசனை, சிவப்பு நிறம் ஆகியவை சேர்ந்தால் கிராப் ஸ்டிக்.

கையில் ஒன்று இருந்தால் பிரித்துப் பாருங்கள். அறை வெப்பத்துக்கு வந்த குச்சியின் ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பினால், பாய் சுருளை விரிப்பது போல ஒரு மெல்லிய தகடு விரிந்துகொண்டே வரும். அந்தத் தகட்டில் நெருக்கமாகக் கோடு கோடாகக் கீறியிருப்பார்கள். நாம் நண்டின் நார் என்று நினைத்துக் கடிப்பது இந்தக் கோடுகளைத்தான். சிவப்பு மேல்தோலில் மட்டும் இருக்கும். உள்ளே ஒரு துளிகூட இறங்கியிருக்காது. பிளாஸ்டிக் என்று வீடியோவில் காட்டுவது, குச்சி பிரியாமல் இருக்கச் சுற்றும் உறையை. அதை உரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

உளுந்து வடையில் கொஞ்சம் அரிசி மாவு

சத்துக் கணக்குக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உளுந்து வடைக்கு ஆட்டும்போது மாவு தளர்ந்துவிட்டால் ஒரு பிடி அரிசி மாவு சேர்ப்போம். வடை வடிவாக வரும், மொறுமொறுப்பாகவும் இருக்கும். பாதிக்குப் பாதி அரிசி மாவு சேர்த்தாலும் அது வடையாகத்தான் இருக்கும். அளவும் மாறாது, கலோரியும் பெரிதாக மாறாது. ஆனால் உளுந்தைப் புரதத்துக்காகச் சாப்பிடுகிறவருக்குக் கிடைப்பது குறைந்துவிடும். வடையைத் தராசில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. மாவில் எது எவ்வளவு என்று கேட்டால்தான் தெரியும்.

கிராப் ஸ்டிக்கிலும் நடப்பது இதுதான். கூடுதலாக, இங்கே மாவு சேர்ப்பதற்கு முன்பே மீன் ஒருமுறை சத்தை இழக்கிறது.

கழுவும்போது போவது என்ன?

மீன் சதையில் முக்கியமாக இரண்டு வகைப் புரதங்கள் இருக்கின்றன. ஒன்று தண்ணீரில் எளிதில் கரைந்துவிடும். இன்னொன்று தசையை இழுத்துச் சுருக்கும் நார்களாக இருப்பது, தண்ணீரில் கரையாது. இதைத் தசைநார்ப் புரதம் என்று சொல்லலாம். கடித்தால் மீள்கிற தன்மையைக் கொடுப்பது இந்த இரண்டாவது வகை. அதனால் சுரிமி செய்பவருக்கு இது மட்டும்தான் வேண்டும்.

அரைத்த மீனைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிகிறார்கள். ரத்தம், மீன் வாடை, கொழுப்பு, சதையைக் கெடுக்கும் நொதிகள் எல்லாம் தண்ணீரோடு போகின்றன. மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று, வாசனையோ ருசியோ இல்லாத விழுது. எந்த ருசியையும் ஏற்றிக்கொள்ளும் இந்த வெறுமைதான் சுரிமியின் பலம்.

ஆனால் வாடை போகும் அதே தண்ணீரில் சத்தும் போகிறது. பி வைட்டமின்கள் நீரில் கரைபவை, பொட்டாசியமும் அப்படித்தான். கொழுப்பு போகும்போது, மீன் சாப்பிடச் சொல்வதற்கு முக்கியக் காரணமான ஒமேகா-3 கொழுப்பும் சேர்ந்து போகிறது. பொல்லாக் ஏற்கெனவே கொழுப்புக் குறைந்த மீன். அதிலும் கழுவிய பிறகு மிஞ்சுவது சொற்பம். சில நிறுவனங்கள் ஒமேகா-3 எண்ணெயைத் தனியாகச் சேர்த்துப் பாக்கெட்டில் பெரிதாகப் போடுகின்றன. போனதைத் திரும்பக் கொண்டுவரும் வேலை அது.

மீனுக்குள் சர்க்கரை ஏன்?

பலருக்கும் புரியாதது இந்தச் சர்க்கரைதான். கடல் உணவில் இனிப்பு எதற்கு? ருசிக்காக என்று நினைப்போம். கொஞ்சம் ருசிக்காகவும்தான். முக்கியக் காரணம் வேறு.

ஜப்பானில் மீனை அரைத்து வேகவைத்துச் செய்யும் காமாபோகோ என்ற பண்டம் பல நூற்றாண்டுப் பழையது. அதற்குப் புது மீன்தான் வேண்டும். உறைய வைத்த மீனில் செய்தால் சரியாக வராது. உறையும்போது தசைநார்ப் புரதங்களைச் சுற்றியுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிந்துவிடும். புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளும். பிறகு உருக்கினால் கடற்பஞ்சு மாதிரி ஆகித் தண்ணீரைக் கக்கும். பொல்லாக்கில் இந்தத் தொல்லை அதிகம். ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவின் கடலில் மலைமலையாகப் பிடிபட்டாலும், அதன் முட்டைக்கு இருந்த மதிப்பு சதைக்கு இல்லை.

1960-இல் ஹொக்கைடோவின் மீன்வள ஆய்வு நிலையத்தில் நிஷியா கியோசுகேவும் உடன் இருந்தவர்களும் இதற்கு வழி கண்டார்கள். கழுவிய விழுதில் சர்க்கரையைக் கலந்து உறைய வைத்தால் புரதம் கெடாமல் இருந்தது. சர்க்கரை தண்ணீரைப் புரதத்தின் பக்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. இன்றும் உறைந்த சுரிமியில் சர்க்கரையும், சர்க்கரைக்கு உறவான, இனிப்பு குறைந்த சார்பிட்டாலும் சேர்ந்து சுமார் 8 சதவீதம் இருக்கும். புரதம் தண்ணீரை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ள ஃபாஸ்பேட் என்ற உப்பும் சிறிதளவு சேரும்.

மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடிய, கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பக் கூடிய மீன் விழுது அன்றிலிருந்து கிடைத்தது. சுரிமி உலகப் பொருளானது அதன் பிறகுதான். சர்க்கரை இல்லையென்றால் கிராப் ஸ்டிக் நம் ஊர் ஃப்ரீசர் வரை வந்திருக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கழுவும்போது கொழுப்பும் வைட்டமின்களும் குறைகின்றன, தசைநார்ப் புரதம் மிஞ்சுகிறது, உறைய வைப்பதற்காகச் சர்க்கரை சேர்கிறது. மாவு இன்னும் சேரவில்லை.

விழுது நண்டாகும் இடம்

உறைந்த சுரிமியை உருக்கி, உப்புப் போட்டு மறுபடி அரைக்கிறார்கள். இங்கே உப்பு ருசிக்காக மட்டும் இல்லை. தண்ணீரில் கரையாத தசைநார்ப் புரதம் உப்புத் தண்ணீரில் கரையும். கரைந்து, பசை போல ஒட்டும். அதைச் சூடாக்கினால் புரத இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலை மாதிரி இறுகி, நடுவில் தண்ணீரைச் சிறைபிடிக்கும். வெறும் மீனை வேகவைத்தால் உதிரும்; உப்புப் போட்டு அரைத்து வேகவைத்தால் ரப்பர் போல மீளும். உப்பைக் குறைத்தால் இந்த மீள்தன்மை போய்விடும். அதனால்தான் உப்புக் குறைந்த கிராப் ஸ்டிக் அபூர்வம்.

ஸ்டார்ச் சேர்வதும் இந்தக் கட்டத்தில்தான். கோதுமை, உருளைக்கிழங்கு, மரவள்ளி என்று ஏதாவது ஒன்றிலிருந்து எடுத்த மாவு. வேகும்போது இது தண்ணீரைக் குடித்து ஊதி, வலையின் இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். விலை குறைந்த மாவும் தண்ணீரும் விலை கூடிய மீனின் இடத்தைப் பிடிக்கின்றன. முட்டை வெள்ளைக்கரு இறுக்கத்துக்கும் வெண்மைக்கும் உதவுகிறது. பிறகு மெல்லிய தகடாகப் பரப்பி, வேகவைத்து, கோடு கீறி, சுருட்டி, நிறம் பூசி, உறை சுற்றி, மறுபடி சூடாக்கி, குளிரவைக்கிறார்கள். அதனால் கடையில் கிடைக்கும் கிராப் ஸ்டிக் ஏற்கெனவே வெந்தது.

இதை நண்டாக்கும் யோசனை வந்த விதம் சுவையானது. ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில் நனாவோ என்ற ஊரைச் சேர்ந்த சுகியோ நிறுவனம், கிடைப்பதற்கு அரிதாகிவந்த, உணவாகச் சாப்பிடும் ஜெல்லி மீனுக்கு மாற்றாக ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தது. அது வரவில்லை. ஆனால் செய்ததை நறுக்கிச் சாப்பிட்டபோது வாயில் நண்டுச் சதை போல இருந்தது. 1972-இல் அதை நண்டுப் பண்டமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். குச்சி வடிவம் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தது.

இனி எண்களுக்கு வருவோம்

அமெரிக்க வேளாண் துறையின் உணவுச்சத்துப் பட்டியலிலிருந்து சில எண்களை எடுத்துக்கொள்கிறேன். எல்லாம் 100 கிராமுக்கு. பிராண்டுக்கு பிராண்ட் மாறும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலோரி என்பது உணவு தரும் ஆற்றலின் அளவு. கிராப் ஸ்டிக்கில் 95 கலோரி. வேகவைத்த அலாஸ்கா கிங் நண்டில் 97. கிட்டத்தட்ட சமம்! 'இரண்டும் ஒன்றுதான்' என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான். ஆனால் ஆற்றல் எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு கிராம் புரதமும் ஒரு கிராம் மாவுச்சத்தும் தலா 4 கலோரி தரும். கொழுப்பு 9 தரும். கிராப் ஸ்டிக்கில் புரதம் 7.6 கிராம், மாவுச்சத்து 15 கிராம், கொழுப்பு அரை கிராம். அப்படியானால் 95 கலோரியில் சுமார் 60 மாவுச்சத்திலிருந்தும், சுமார் 30 புரதத்திலிருந்தும் வருகிறது. கிங் நண்டில் புரதம் 19 கிராமுக்கு மேல், மாவுச்சத்து கிடையாது. அங்கே ஆற்றலில் பெரும்பகுதி புரதம். வடைக் கணக்கு இதுதான்.

சத்து எங்கே நழுவியது என்பதையும் பார்க்கலாம். பச்சை பொல்லாக்கில் புரதம் சுமார் 17 கிராம். சுரிமியில் 15. கிராப் ஸ்டிக்கில் 7.6. கழுவிய பிறகு 100 கிராமில் குறைந்தது கொஞ்சம்தான்; பெரிய சரிவு கடைசிக் கட்டத்தில், மாவும் தண்ணீரும் சேர்ந்தபோது. மாவுச்சத்து இதற்கு நேர்மாறாக ஏறுகிறது: மீனில் இல்லை, சுரிமியில் 7 கிராம், குச்சியில் 15. இந்தப் பதினைந்தில் 6 கிராமுக்கு மேல் சர்க்கரை, ஏறத்தாழ ஒன்றரை டீஸ்பூன்.

7.6 கிராம் புரதம் என்பது எவ்வளவு? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நம் நாட்டுப் பரிந்துரைப்படி நாளுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். ஆக, 100 கிராம் கிராப் ஸ்டிக் ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தரத்தில் குறை சொல்ல முடியாது. மீனும் முட்டையும் தரும் புரதம் முழுமையானது. குறைவது அளவு.

நுண்சத்துகளில் இடைவெளி இன்னும் பெரிது. ரத்தம் ஊறவும் நரம்புகளுக்கும் தேவையான பி12 வைட்டமின் கிங் நண்டில் 11.5 மைக்ரோகிராம், கிராப் ஸ்டிக்கில் 0.57. துத்தநாகம் நண்டில் 7.6 மில்லிகிராம், குச்சியில் 0.33. நண்டு சாப்பிட்டால் துத்தநாகம் கிடைக்கும் என்று படித்துவிட்டு கிராப் ஸ்டிக் வாங்கினால், வந்த காரியம் நடக்காது. செலீனியம் மட்டும் ஓரளவு தங்குகிறது. சுமார் 22 மைக்ரோகிராம்.

நல்ல பக்கமும் உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. கொலஸ்ட்ரால் 20 மில்லிகிராம். கிங் நண்டில் 53. பொல்லாக் பாதரசம் குறைந்த மீன்களில் ஒன்று. முள் இல்லை, ஓடு இல்லை, விலையும் கட்டுப்படியாகும். மீன் வாடையே ஆகாது என்று ஒதுங்குகிற குழந்தை இதைச் சாப்பிடுகிறது என்றால் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவின் உணவுச் சட்டம் இதை ஒரு தெளிவான கோட்டால் பிரிக்கிறது: ஒரு உணவுக்கு மாற்றாக வருவது, ஊட்டச்சத்தில் அதைவிடக் குறைந்திருந்தால், 'இமிடேஷன்' (போலி) என்று பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். பலர் நினைப்பது போல நண்டு இல்லாததற்காக மட்டும் அந்தப் பெயர் ஒட்டவில்லை.

உப்பு, சர்க்கரை, சிறுநீரகம்

உப்பின் அளவைச் சோடியம் என்ற பெயரில்தான் பாக்கெட்டில் போடுவார்கள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. கிராப் ஸ்டிக்கில் 529 மில்லிகிராம் சோடியம், அதாவது 1.3 கிராம் உப்பு. 800 மில்லிகிராமைத் தாண்டும் பிராண்டுகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. 100 கிராமிலேயே கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. நண்டிலும் சோடியம் உண்டு. கிங் நண்டில் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்; நீல நண்டில் சுமார் 400. ஆனால் நண்டைச் சோயா சாஸில் தோய்த்துச் சாப்பிடுவது குறைவு. சூஷியையும் ஸ்டீம்போட்டையும் அப்படித்தான் சாப்பிடுகிறோம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குச்சியைவிட அந்தச் சாஸ் கிண்ணத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாவுச்சத்தைக் கணக்கிடும்போது 15 கிராமை ஒரு பங்காக வைப்பது வழக்கம். 100 கிராம் கிராப் ஸ்டிக் சரியாக ஒரு பங்கு. சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. சோற்றோடு தொட்டுக்கொள்ளும் மீனாக எண்ணாமல், சோற்றின் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சூஷியில் அதைச் சுற்றிச் சோறும் இருக்கிறது, அந்தச் சோற்றிலும் சர்க்கரை கலந்திருக்கிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஃபாஸ்பேட்டைப் பார்க்க வேண்டும். உணவில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸைவிட, இப்படித் தனியாகச் சேர்க்கும் ஃபாஸ்பேட்டை உடல் அதிகமாக உறிஞ்சும். அவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வாமை: பெயரை நம்பாதீர்கள்

இந்த விஷயத்தில் தவறு நடந்தால் ஆபத்து. 'நண்டு இல்லையே, நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வாசனைக்காக நிஜ நண்டுச் சாறு சேர்க்கும் பிராண்டுகள் பல. ஒரு சொட்டுகூட ஆகாதவருக்கு அது போதும். இதற்கு எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு: நண்டு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, ஆனால் மீன் ஆகாது என்கிறவர், பெயரைப் பார்த்து நண்டு என்று நம்பி மீனைச் சாப்பிட்டுவிடலாம். முட்டை, கோதுமை, சோயா ஆகியவையும் சேர்ந்திருக்கக் கூடும். கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகாதவர்களுக்கு இது பொருந்தாத உணவு, பாக்கெட்டில் குளூட்டன் இல்லை என்று தெளிவாக இருந்தாலொழிய.

சிவப்பு நிறம் சில பிராண்டுகளில் பாப்ரிகா மிளகாயிலிருந்தோ தக்காளியிலிருந்தோ வரும். சிலவற்றில் கார்மைன் என்ற, கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் நிறம். மிரின் என்ற அரிசி மதுவும் சேர்ப்பதுண்டு. ஹலால் பார்க்கிறவர்கள் சான்றிதழ் முத்திரையைத் தேடுவது நல்லது.

பாக்கெட்டின் பின்பக்கம்

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் சொல் மீன் அல்லது சுரிமி என்று இருந்தால் நல்லது. தண்ணீரும் ஸ்டார்ச்சும் முன்னால் வந்து மீன் மூன்றாவதாக வந்தால், அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம். சில பாக்கெட்டுகளில் மீனின் சதவீதமே போட்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை சாதாரணம். சதவீதம் இல்லையென்றால் புரதத்தின் எண் காட்டிக்கொடுத்துவிடும். 100 கிராமுக்கு 10 கிராம் புரதம் உள்ள பிராண்டையும் 5 கிராம் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்று, வாசனை ஒன்று, நீளமும் ஒன்றுதான். இரண்டாவதில் மீன் பாதிதான் இருக்கும்.

பதப்படுத்திய நிஜ நண்டுச் சதையும் டப்பாவில் வருகிறது. பாக் நீரிணையில் பிடிபடும் நீலக்கால் நண்டின் சதையை எடுத்து, பதப்படுத்தி, ஏற்றுமதி செய்கிறார்கள். அதன் பட்டியலில் முதல் சொல் நண்டு. மாவுச்சத்து ஏறக்குறைய பூஜ்யம். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

வாங்கியாயிற்று, சமைக்க வேண்டும் என்றால், முட்டைப் பொரியலில் உதிர்த்துப் போடுவது நல்ல வழி. குறைகிற புரதத்தை முட்டை ஈடுகட்டும். உப்பைத் தனியாகப் போடாதீர்கள், குச்சியில் இருப்பதே போதும். ஏற்கெனவே வெந்தது என்பதால் இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு சேர்த்தால் போதும். பிரித்த பாக்கெட்டை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.